மசோதா வருது, நம்ம கடைக்காரங்க எங்க போய்ப் பேசுறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச் சட்டம் ஒண்ணு வரப்போகுதுன்னு தமிழ் முரசு நாளிதழ்ல செய்தி வந்தா போதும், வியாபாரிங்க வாட்ஸ்அப் குரூப் அன்னைக்கு பூரா சூடா இருக்கும், எம்பிகிட்ட போலாமான்னு ஒருத்தர் கேப்பார், சங்கத்துல சொல்லலாம்னு இன்னொருத்தர், இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க வேலை நம்மள யாரு கேக்கப்போறான்னு மூணாவது ஆளு. அங்க திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எடுத்து பதில் எழுதியிருக்கேன். எல்லாமே சிங்கப்பூர் நடைமுறை.

லாபியிங்னா லஞ்சம் தானே?

இல்லவே இல்ல. சட்டம் எழுதுறவங்ககிட்ட போய், இந்த வரி இப்படி இருந்தா எங்க தொழிலுக்கு இன்ன கஷ்டம் வரும், இப்படி மாத்தினா உங்க நோக்கமும் நிறைவேறும் எங்களுக்கும் பிழைப்பு நடக்கும்னு எடுத்துச் சொல்றதுதான் லாபியிங். முதலாளிங்க சங்கமும் செய்யுது, தொழிற்சங்கமும் செய்யுது, விலங்கு நல அமைப்புகளும் செய்யுது. பணமோ பரிசோ உள்ள வந்தாத்தான் அது குற்றம், அது ரொம்ப பெரிய குற்றம். 1960ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்துல நாடாளுமன்ற உறுப்பினருக்கு லஞ்சம் குடுக்குறதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேர்த்து. குடுத்தவருக்கும் உண்டு, வாங்கினவருக்கும் உண்டு.

யார் யாரைச் சந்திச்சாங்கன்னு இங்க பதிவேடு ஏதாவது இருக்கா?

இல்ல. அமெரிக்காவுல 1995லயே சட்டம் போட்டு, கூலிக்கு லாபி பண்றவங்க யாருக்காகப் பேசுறாங்க, எவ்வளவு வாங்குறாங்கன்னு பதிவு பண்ணச் சொல்லிட்டாங்க. சிங்கப்பூர்ல அந்த மாதிரி பதிவேடு கிடையாது. அமைச்சு அதிகாரிங்க ஒரு சங்கத்தோட மூடிய கதவுக்குள்ள உக்காந்து பேசினா அது வெளிய தெரியணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. என்னைக் கேட்டா ஒரு மசோதாவுக்கு யார் யார்கிட்ட கருத்து கேட்டாங்கன்னு பட்டியல் போட்டுட்டா நல்லது, சின்னக் கடைக்காரங்க பெயர் அதுல இல்லைன்னா நமக்கே தெரியும், அடுத்த தடவை முன்னாடியே போய் நிக்கலாம்.

வியாபாரிகள் சார்பா யார் பேசுறாங்க?

பெருசு சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம். 2002ல சட்டப்படி உருவானது, செலுத்தப்பட்ட மூலதனம் 500,000 வெள்ளியும் அதுக்கு மேலயும் இருக்குற கம்பெனி எல்லாம் சட்டப்படியே உறுப்பினர். உங்க கம்பெனி அந்த அளவுல இருந்தா நீங்க ஏற்கனவே உள்ளதான் இருக்கீங்க, நிறைய பேருக்கு இது தெரியாமலே சந்தா கட்டிக்கிட்டு இருக்காங்க, கட்டுற காசுக்கு உங்க பிரச்சினையை அங்க கொண்டுபோய் வைங்க.

நம்ம பக்கம் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபை, 1924ல ஆரம்பிச்சது, நூறு வருஷம் தாண்டியாச்சு. சீனர் வர்த்தக சபை 1906, மலாய் வர்த்தக சபை 1956. சின்ன நடுத்தரத் தொழில்களுக்கு 1986ல இருந்து தனிச் சங்கம் இருக்கு. வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்ட சட்டம்னா தேசிய முதலாளிகள் சம்மேளனம்தான் முன்னாடி நிக்கும், அதுக்கு எதிர்ல தொழிற்சங்கங்களோட கூட்டமைப்பான என்டியுசி, நடுவுல மனிதவள அமைச்சு, இதைத்தான் முத்தரப்புன்னு சொல்றோம். தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் கடை வச்சிருக்கவங்களுக்கு லிஷாங்குற கடைக்காரர் சங்கம் இருக்கு, தீபாவளி விளக்கு அலங்காரத்தோட அவங்களை நினைக்கிறோம், ஆனா அந்த வட்டாரத்தைத் தொடுற விதிமுறை வந்தா அங்கதான் முதல்ல போகணும்.

எம்பிகிட்ட போய்ச் சொன்னா மசோதாவை நிறுத்திடலாமா?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி, நேராவே சொல்லிடுறேன், முடியாது. 2025 மே தேர்தல்ல 97 இடத்துல 87 மக்கள் செயல் கட்சிக்கு. கட்சிக் கொறடா உத்தரவு இருக்குறதால அந்தக் கட்சி எம்பி எழுந்து மசோதாவைக் குறை சொல்லிப் பேசுவார், கேள்வி கேப்பார், ஆனா ஓட்டு ஆதரவாத்தான் போடுவார்.

இன்னொரு விஷயம், மசோதா முதல் வாசிப்புக்கு, அதாவது சபையில தாக்கலுக்கு வர்றப்போ அமைச்சரவை பார்த்து முடிச்சாச்சு, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் வார்த்தை வார்த்தையா எழுதி முடிச்சாச்சு. தோசை தட்டுல விழுந்தப்புறம் மாவுல உப்பு பத்தலன்னு சொல்ற கதைதான் அது. தேதியைப் பாருங்க. இணையப் பொய்ச் செய்தி பத்தின பொஃப்மா மசோதா 2019 ஏப்ரல் 1 அன்னைக்கு தாக்கல், மே 8 அன்னைக்கு நிறைவேறிடுச்சு. கிராப், ஃபுட்பாண்டா ஓட்டுநர்களுக்கான தள ஊழியர் மசோதா 2024 ஆகஸ்ட் 6 தாக்கல், செப்டம்பர் 10 நிறைவேற்றம். வேலையில பாகுபாட்டைத் தடுக்குற வேலையிட நியாயத்தன்மை மசோதா 2024 நவம்பர் 12 தாக்கல், 2025 ஜனவரி 8 நிறைவேற்றம். ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்.

ஆனா அந்த மூணாவது சட்டத்துக்கு முத்தரப்புக் குழு உக்காந்தது 2021 ஜூலையில! இறுதி அறிக்கை வந்தது 2023 ஆகஸ்ட். ரெண்டு வருஷத்துக்கு மேல கதவு திறந்திருந்துச்சு, நம்ம ஆளுங்க பேச ஆரம்பிச்சது செய்தியில மசோதான்னு வந்தப்புறம். எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம்.

அப்போ எம்பியைப் பார்க்குறது வீணா?

வீண் இல்ல, ஆனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போகணும். இரண்டாம் வாசிப்பு விவாதத்துல எம்பி எழுந்து, இந்தப் பிரிவு பகுதிநேர ஊழியர் ரெண்டு பேர் வச்சிருக்க சாப்பாட்டுக்கடைக்குப் பொருந்துமான்னு கேட்டா அமைச்சர் பதில் சொல்லியாகணும், அந்தப் பதில் நாடாளுமன்ற அறிக்கையில ஏறிடும். சட்ட விளக்கச் சட்டத்தோட 9ஏ பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒரு சட்டத்துக்கு அர்த்தம் பார்க்குறப்போ அமைச்சர் சபையில பேசினதையும் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கலாம். அதனால மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுங்கன்னு கேக்காதீங்க, இந்தக் கேள்வியைச் சபையில கேளுங்கன்னு கேளுங்க, அது நடக்கக்கூடிய விஷயம். கேள்வியை ஒரே பத்தியில எழுதி, விவாதத்துக்கு ஒரு வாரம் முன்னாடியாவது கையில குடுங்க.

ஆளுங்கட்சியில அரசாங்க நாடாளுமன்றக் குழுக்கள்னு 1987ல இருந்து துறை துறையா இருக்கு, போக்குவரத்துக்கு ஒண்ணு, மனிதவளத்துக்கு ஒண்ணு இந்த மாதிரி. உங்க தொகுதி எம்பி அந்தக் குழுவுல இல்லைன்னா, யார் இருக்காங்கன்னு கேட்டு அவங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்க.

நியமன எம்பி நம்ம ஆளு தானே, அவர் செய்வாரா?

நியமன நாடாளுமன்ற உறுப்பினர் முறை 1990ல வந்தது, 9 பேர் வரைக்கும், பதவிக்காலம் ரெண்டரை வருஷம். வர்த்தகத் துறைக்குன்னு பெயர் முன்மொழியலாம், அதனால சங்கத் தலைவருங்க அடிக்கடி வர்றாங்க, 2018ல உற்பத்தியாளர் சம்மேளனத் தலைவரா இருந்த டக்ளஸ் ஃபூ, 2023ல நம்ம இந்தியர் வர்த்தக தொழிற்சபைத் தலைவரா இருந்த நீல் பரேக். கட்சிக் கொறடா இவங்களுக்குக் கிடையாது, சுதந்திரமா பேசலாம். ஆனா பட்ஜெட் மாதிரி பண மசோதா, அரசமைப்புத் திருத்தம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் இதுலல்லாம் ஓட்டு இல்ல. வயசான பெற்றோரைப் பிள்ளைங்க பராமரிக்கணும்னு வந்த சட்டம், 1995ல நிறைவேறினது, வால்டர் வூன்னு ஒரு நியமன உறுப்பினர் கொண்டுவந்தது, அதனால அந்த இடத்தைச் சாதாரணமா நினைக்க வேண்டாம்.

சரி, எப்போ, எங்க போகணும்?

அமைச்சு கருத்து கேக்குற நேரத்துல போகணும். மசோதா வர்றதுக்கு முன்னாடி பெரும்பாலும் அமைச்சோட இணையப் பக்கத்துலயும், அரசாங்கம் மக்கள்கிட்ட கருத்து கேக்குற ரீச் தளத்துலயும் கலந்தாலோசனை அறிவிப்பு வரும், சில வாரம் அவகாசம் இருக்கும். அதே சமயம் சங்கங்களைத் தனியா கூப்பிட்டும் பேசுவாங்க, அந்த அறைக்குள்ள உங்க கதை போகணும்னா சங்கச் செயலாளர் கையில அது எழுத்துல இருக்கணும். பட்ஜெட் விஷயம்னா வர்த்தகச் சம்மேளனம் வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னாடியே பரிந்துரை குடுக்கும், பிப்ரவரியில பட்ஜெட் அன்னைக்கு உக்காந்து புலம்புறதுல பிரயோஜனம் இல்ல.

எப்பவாவது ஒரு விஷயத்தை ஆராய எம்பிங்களை வச்சு நாடாளுமன்றத் தெரிவுக் குழு உக்காந்தா அது இன்னொரு வாசல், யார் வேணும்னாலும் எழுதிப் போடலாம். 2018ல பொய்ச் செய்தி பத்தின குழு மார்ச் மாசம் 8 நாள் எல்லார் முன்னாடியும் விசாரணை வச்சது, ஃபேஸ்புக், கூகல், ட்விட்டர் ஆளுங்க எல்லாம் வந்து உக்காந்து பதில் சொன்னாங்க, அதுலயும் ஃபேஸ்புக் அதிகாரியை அமைச்சர் சண்முகம் மணிக்கணக்கா கேள்வி கேட்டது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். இன்டர்நெட் கம்பெனிகளோட கூட்டமைப்பு அடுத்த வருஷம் பொஃப்மா மசோதாவை வெளிப்படையா குறை சொல்லியும் அது நிறைவேறிடுச்சு. பெரிய பணம் இருந்தா எதையும் மாத்திடலாம்னு நினைக்கிறவங்களுக்கு இதைச் சொல்றேன்.

உண்மையிலயே வியாபாரிங்க பேசி ஏதாவது மாறியிருக்கா?

மாறியிருக்கு. வாடகை விஷயம்தான் எனக்குப் பிடிச்ச உதாரணம், ஏன்னா அங்க ரெண்டு பக்கமும் வியாபாரிங்கதான்.

நிறைய மால்கள்ல ஒப்பந்தம் இப்படி இருந்துச்சு: மாசம் இவ்வளவு அடிப்படை வாடகை, இல்லைன்னா விற்பனையில இவ்வளவு சதவீதம், எது அதிகமோ அது. உதாரணத்துக்கு 9,000 வெள்ளி இல்லைன்னா 15 சதவீதம்னு வைங்க. விற்பனை 40,000 வெள்ளின்னா 15 சதவீதம் 6,000 தான், ஆனா 9,000 கட்டணும். நல்ல மாசம், 80,000 வித்துச்சுன்னா 12,000 கட்டணும். மந்தமானா நஷ்டம் கடைக்காரருக்கு, நல்லா போனா பங்கு கட்டடக்காரருக்கு. இது பல வருஷப் புலம்பல், கோவிட் வந்தப்போதான் வெடிச்சது. 2020ல கடைக்காரங்க சேர்ந்து குரல் குடுத்தாங்க, எஸ்ஜிடஃப்னு வாடகைதாரர் கூட்டணி உருவாச்சு, வர்த்தகச் சம்மேளனம் முன்னின்னு வாடகைதாரர், கட்டட உரிமையாளர் ரெண்டு தரப்பையும் ஒரே மேசையில உக்கார வச்சு ஒரு குழு அமைச்சது. 2021 ஜூன்ல நடத்தை விதித்தொகுப்பு வந்தது, ஆனா அது விருப்பப்பட்டா பின்பற்றலாம்ங்குற மாதிரிதான். பல்லு இல்லாத விதி எதுக்குன்னு விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கடைசியில 2023 ஆகஸ்ட் 3 அன்னைக்கு சில்லறை வர்த்தக இடங்களுக்கான குத்தகை ஒப்பந்தச் சட்டம் நிறைவேறி 2024 பிப்ரவரி 1ல இருந்து கட்டாயமாச்சு. ஒரு வருஷத்துக்கு மேல போற கடை குத்தகைக்கு இது பொருந்தும், வாடகைக் கணக்கு ஒரே சூத்திரமா இருக்கணும், எது அதிகமோ அதுங்குற கதை கூடாது, சில விஷயங்கள்ல ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா விலகலாம் ஆனா அதை முறைப்படி அறிவிக்கணும். கட்டடக்காரங்களும் சும்மா இல்ல, அவங்க சங்கமும் அதே மேசையில உக்காந்து பேசித்தான் இந்த விலகல் எல்லாம் உள்ள வந்தது. வாடகை எவ்வளவுன்னு சட்டம் எங்கயும் சொல்லல, அது சந்தைக்கே விட்டாச்சு, அதனால வாடகை ஏறுதேன்னு கேட்டா இந்தச் சட்டத்துல மருந்து இல்ல.

ரெண்டாவது, வேலையிட நியாயத்தன்மைச் சட்டம். வயசு, இனம், மதம், மொழி, கர்ப்பம், உடற்குறை இதையெல்லாம் காரணமா வச்சு வேலை விஷயத்துல பாகுபாடு காட்டக்கூடாதுங்குது. 25 பேருக்குக் கீழ இருக்குற நிறுவனத்துக்கு இப்போதைக்கு விலக்கு. அந்த விலக்கு தானா வரல, தனியா ஒரு மனிதவள அதிகாரி வச்சுக்க வசதியில்லாத சின்ன முதலாளிங்க நிலைமையை முத்தரப்புக் குழுவுல எடுத்துச் சொன்னதால வந்தது.

மூணாவது, பாட்டிலுக்கு 10 காசு வைப்புத்தொகை திட்டம். 2023ல சட்டத் திருத்தம், 2025 ஏப்ரல்ல ஆரம்பம்னு சொன்னாங்க, தயாரிப்பாளர்களுக்குத் தயாராக நேரம் வேணும்னு கேட்டு 2026 ஏப்ரலுக்குத் தள்ளிப்போச்சு.

மூணையும் சேர்த்துப் பாருங்க. சட்டமே வேணாம்னு யாரும் ஜெயிக்கல. யாருக்கு விலக்கு, எப்போ ஆரம்பம், எந்த வார்த்தை, இதுலதான் ஜெயிச்சிருக்காங்க.

தொழிலாளிங்க நிலைமை? முதலாளிங்க எல்லாம் சேர்ந்து பேசினா அவங்க நசுங்கிடுவாங்களே?

நியாயமான கேள்வி, நானும் யோசிக்கிற விஷயம். அந்த 25 பேர் விலக்கையே எடுத்துக்கோங்க, கடைக்காரருக்கு நிம்மதி, அதே கடையில வேலை பாக்குற பொண்ணுக்குப் பாதுகாப்பு இல்ல. விலக்கு கேக்குற நாம, அது ஏன் வேணும், எத்தனை வருஷத்துக்கு வேணும்னும் சேர்த்துச் சொல்லணும், காலம் முழுக்க விலக்குன்னு கேக்குறது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன். தள ஊழியர் சட்டத்துல என்டியுசி பக்கம் பலமா நின்னுச்சு, அதான் 2025 ஜனவரியில இருந்து அவங்களுக்கு மத்திய சேமநிதி, வேலைக் காய இழப்பீடு எல்லாம் கிடைச்சது. சேமநிதி விகிதம் ஒரேயடியா ஏறாம படிப்படியா ஏறுது, மாத்தத்துக்குப் பழகிக்க ஓட்டுநருக்கும் கம்பெனிக்கும் அது நேரம் குடுக்குது.

எழுத்துல குடுக்கணும்னா எப்படி எழுதணும்?

"இந்தச் சட்டம் சிறுவணிகர்களை மிகவும் பாதிக்கும், அரசாங்கம் கருணையுடன் பரிசீலிக்க வேண்டும்." இப்படி எழுதினா படிக்கிற அதிகாரிக்கு அதுல இருந்து எடுத்துக்க ஒண்ணுமே இல்ல. இப்படி எழுதிப் பாருங்க:

"எங்கள் உணவகத்தில் 14 பேர், அதில் 5 பேர் பகுதிநேரம். மசோதாவின் இந்தப் பிரிவுப்படி ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு பதிவு வைக்க வேண்டும். முதலாளியே சமையலும் கணக்கும் பார்க்கிறார், வெளியே கணக்காளரிடம் கொடுத்தால் கூடுதலாக மாதம் 300 வெள்ளி. மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் உங்கள் நோக்கம் கெடாது, எங்களாலும் செய்ய முடியும்."

ஆள் எண்ணிக்கை, பிரிவு, வெள்ளி, மாற்று வழி, நாலும் இருக்கணும். எண்ணிக்கை உங்க கடையோட உண்மையான எண்ணிக்கையா இருக்கணும், ஊதிச் சொன்னா அடுத்த தடவை சங்கத்தையே நம்ப மாட்டாங்க. ஒரே கடிதத்தை அம்பது பேர் காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்புறதை விட, அம்பது கடையோட கணக்கைச் சேர்த்து சங்கம் பேர்ல ஒரே தாளா குடுக்குறது நூறு மடங்கு மேல்.

தமிழ்ல எழுதலாமா?

சபையில எம்பிங்க தமிழ்ல பேசலாம், மொழிபெயர்ப்பு உண்டு. ஆனா மசோதா ஆங்கிலத்துலதான் இருக்கும், பிரிவு எண் சொல்லி எழுதணும், அதனால தமிழ்ல யோசிச்சு எழுதிட்டு சங்கத்துல குடுத்தோ வீட்டுப் பிள்ளைங்களை வச்சோ ஆங்கிலத்துல மாத்தி அனுப்புங்க. சொல்ற விஷயம் உங்களுடையதா இருக்கட்டும்.

எம்பியை டின்னருக்குக் கூப்பிடலாமா? தீபாவளிக்கு ஹேம்பர்? கட்சிக்கு நன்கொடை?

சங்க ஆண்டு விருந்துக்கு வெளிப்படையா அழைக்கிறது வேற, ஒரு மசோதா நடந்துக்கிட்டு இருக்குறப்போ தனியா பரிசு அனுப்புறது வேற. ரெண்டாவதைச் செய்யாதீங்க, சின்னப் பொருளா இருந்தாலும். 2024 அக்டோபர்ல முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரனுக்கு 12 மாசச் சிறைத்தண்டனை விதிச்சாங்க, முக்கியமா தண்டனைச் சட்டத்தோட 165ஆம் பிரிவுல, பொது ஊழியரா இருந்துக்கிட்டு அலுவல் தொடர்பு உள்ளவங்ககிட்ட விலைமதிப்புள்ள பொருள் வாங்கினதுக்கு. நம்ம சமூகத்துக்கு அது ரொம்ப வலிச்ச சேதி, அதுல இருந்து கத்துக்கணும்.

கட்சிக்கு நன்கொடை, 21 வயசு நிறைஞ்ச குடிமக்களும் சிங்கப்பூரர் கட்டுப்பாட்டுல இங்கயே தொழில் பண்ற கம்பெனிகளும் குடுக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனி குடுக்கக் கூடாது. பெயர் சொல்லாம வர்ற நன்கொடைக்கு ஒரு கட்சிக்கு வருஷத்துக்கு 5,000 வெள்ளிதான் உச்சவரம்பு. இந்த விதிகள் எல்லாம் 2023 டிசம்பர் 29ல இருந்து வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்குற ஃபிக்கா சட்டத்துக்குள்ள வந்தாச்சு. நன்கொடை குடுத்துட்டு பதிலுக்கு மசோதாவுல ஏதாவது எதிர்பார்க்குறீங்கன்னா, அது முதல் கேள்வியில சொன்ன லஞ்சக் கணக்குல வந்துடும்.

சட்டம் நிறைவேறிடுச்சு. இனி பேசி என்ன பண்றது?

நிறைய இருக்கு. சட்டம் நிறைவேறின நாள் வேற, நடைமுறைக்கு வர்ற நாள் வேற. நடுவுல அமைச்சு துணை விதிகளை எழுதும், எந்தப் படிவம், எந்த அளவு, யாருக்கு விலக்கு எல்லாம் பெரும்பாலும் அதுலதான் இருக்கும், விதிகள் மசோதா மாதிரி மூணு வாசிப்புக்கு எல்லாம் போகாது. பானத்துல சர்க்கரைக்கு ஏ முதல் டி வரைக்கும் போடுற நியூட்ரி-கிரேடு முத்திரை முழுக்க விதிமுறை வழியா வந்ததுதான். பாட்டில் பானத்துக்கு 2022 டிசம்பர் 30, கடையில போட்டுக் குடுக்குற தே, கோப்பி, பபள் டீக்கு ஒரு வருஷம் கழிச்சு. தே தாரேக்கு முத்திரை எப்படி ஒட்டுறதுன்னு கேட்டவங்களுக்குப் பதில் அந்த விதிகள் எழுதுற கட்டத்துலதான் கிடைச்சது.

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரல, 2027 கடைசிக்குள்ள வரும்னு சொல்லியிருக்காங்க, 25 பேர் விலக்கை அஞ்சு வருஷத்துல மறுபரிசீலனை பண்ணுவாங்க. அந்த மறுபரிசீலனைக்கு ஆதாரம் யார்கிட்ட இருக்கும்னு யோசிங்க. இப்போல இருந்தே கடையில ஆள் எடுக்குறப்போ என்ன கேட்டோம், யாரை ஏன் எடுத்தோம், புகார் ஏதாவது வந்துச்சா, எப்படித் தீர்த்தோம்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. மறுபரிசீலனை அறிவிப்பு வந்த அன்னைக்கு அந்த நோட்டை எடுத்துக்கிட்டு சங்கத்துக்குப் போங்க.